ஏழு வயசு அளவு

சூலூர்பேட்டைச் சந்தையில்
பட்டாம்பூச்சி கிளிப்பைத் தொட்டதுமே கடைக்காரர் கேட்டார்:
பாப்பாவுக்கா?
ஆமாம் என்றேன்.
என்ன வயசு?
ஏழு. வாயில் அதுதான் வந்தது.
அப்போ இது பெருசு என்று
கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு
சின்னதாக ஒன்றை எடுத்துத் தந்தார்.
ரோஸ் நிறம். இறக்கைக்கு அடியில்
ரீஃபில் பேனாவில் இருப்பதைவிட மெல்லிய ஸ்பிரிங்.
அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை
எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தது.
முப்பது ரூபாய்.
பாப்பா பேர் என்ன என்று கேட்டிருந்தால்
தேசராணி என்று
என் பேரையே சொல்லியிருப்பேன்.
ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

எனக்கு நாற்பத்து நாலு.
என் ஏழு வயதில் என் முடி திருப்பதியில் இருந்தது.
எட்டிலும் அங்கேதான்.
தம்பிக்குக் காய்ச்சல் வந்தால்
அம்மா என் தலையை நேர்ந்துகொள்வாள்.
பத்தில் வளர்ந்தது. பேனும் வளர்ந்தது.
பதிமூன்றில், இனி ஒற்றைச் சடை போடு என்றார்கள்.
நடுவில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
இந்த மாதிரிச் சாமான்களின் வயது
என்னைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.
அன்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

திங்கள் காலை ஐந்து மணி.
பீரோக் கண்ணாடி முன்னால் செருகினேன்.
நிற்காது என்றுதான் நினைத்தேன்.
நின்றது.
இரண்டு பிரசவம், ஆறு வருட தைராய்டு மாத்திரை
எல்லாம் போக மிச்சமிருக்கும் என் முடி
சரியாக ஏழு வயசு அளவு.

வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில்
தலைல ஏதோ உட்கார்ந்திருக்கு பாரு என்று
துண்டால் ஓட்டப் பார்த்தார்.
கம்பெனி பஸ்ஸில் முனிலட்சுமி
மருமகள் எடுக்கிற வயசுல, என்று ஆரம்பித்து
முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பின் சீட்டுப் பெண்கள், க்யூட்டா இருக்குக்கா என்றார்கள்.
நாய்க்குட்டிக்கும் அவர்கள் அதையேதான் சொல்வார்கள்.
ஆரம்பாக்கம் தாண்டி
பலகைகளில் எழுத்து உருண்டையாக மாறும் இடத்தில்
பஸ் ஒரு குலுங்கு குலுங்கும்.
இறக்கை படபடத்தது
மண்டைக்குள் கேட்டது.

கேட்டில் மிஷின் கத்தியது.
ஒன்பது வருடத்தில் என்னைப் பார்த்து
அது கத்தியதே இல்லை.
செக்யூரிட்டி ரத்னம்மா
கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
ஏன்ட்டி இதி? என்றாள்.
தெலுங்கில் அது வெறும் 'என்ன'.
தமிழ்க் காதுக்கு ஒரு குட்டு.
கிளிப்பு என்றேன். அது தெரியாதா அவளுக்கு.
விரல் நுனியால் ஒரு இறக்கையைத் தட்டினாள்.
ஆடியது. நிற்கும்வரை பார்த்தாள்.
இன்னொரு தடவை தட்டினாள்.
என் பின்னால் வரிசை பெருத்துவிட்டது.
சாவிகள், கரண்டி, யாருடையதோ மூட்டுவலித் தைலம் கிடந்த
ட்ரேயில் அதைப் போட்டாள்.

உள்ளே வலை, வலைமேல் குல்லாய், வாய்க்கு முகமூடி.
பட்டாணி அளவு லென்ஸ்களைத் துடைத்துத் துடைத்து
எட்டு மணி நேரம்.
அங்கே எங்கள் யாருக்கும் தலையே கிடையாது.

சாயங்காலம் ட்ரேயில் கிளிப் இல்லை.
கேட்க வெட்கமாக இருந்தது.
முப்பது ரூபாய்க்கு, இந்த வயதில்,
எந்த மொழியில் கேட்பது?
ரத்னம்மாவே கூப்பிட்டாள்.
காக்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.
ட்ரேல வெச்சா போயிடும் அக்கா, அதான், என்றாள்
எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தபடி.

பஸ் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன்.
ஸ்பிரிங்கில் ஒரு முடி சுற்றியிருந்தது.
மருதாணிச் சிவப்பு. சுருட்டை. விரல் நீளம்.
என்னுடையது கோரை,
மாதம் ஒரு பாக்கெட் கறுப்புச் சாயம்.

முனிலட்சுமியும் பார்த்தாள்.
ஏய், அது யாருது என்றாள்.
தெரியலையே என்று சொல்லிவிட்டு
எடுக்காமல்
அப்படியே செருகிக்கொண்டேன்.